நான்கு மாட்டுச் சாணத்தில் மின்சாரம் வருமா? கட்டுவதற்கு முன் பார்க்கவேண்டிய கணக்கு

நான்கு மாடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம், சாணத்தில் இருந்து தனக்கான மின்சாரத்தைத் தயாரித்துக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் அது அந்தக் குடும்பத்துக்கு நட்டம். அதே சாணத்தில் கிடைக்கும் வாயுவை அடுப்பில் எரித்தால் மாதம் ஒரு சிலிண்டர் அளவுக்கு மிச்சம் பிடிக்கலாம். சாணத்தில் இருந்தும் விறகில் இருந்தும் மின்சாரம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு பேசப்படாமலே போய்விடுகிறது. கணக்குப் பார்க்காமல் கட்டிய தொட்டிகளும், ஓடாமல் நிற்கும் இயந்திரங்களும் அதன் விளைவுதான்.

2022 மார்ச் மாத இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. அடுத்த மாதம் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். தெற்கில் பலருக்கு இது முதல் அனுபவம். எங்களுக்கு அப்படியல்ல. 1990 இல் குடாநாட்டுக்கான மின்சாரம் அறுந்த பிறகு, ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். நான்கு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். தேசிய மின்கட்டமைப்போடு குடாநாடு மீண்டும் இணைந்தது போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான்.

இடைப்பட்ட காலத்தில் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தோம். அதற்கும் ஒரு விலை இருந்தது. சுன்னாகத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தது. அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வளவையும் கண்ட சனத்திடம், ஊரில் கிடைப்பதைக் கொண்டு ஊரிலேயே மின்சாரம் தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அதனால்தான் எது முடியும், எது முடியாது என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சாணம் வாயுவாகும் விதம்

காற்றுப் புகாத தொட்டிக்குள் சாணத்தையும் தண்ணீரையும் கரைத்து விட்டால், ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கும். அப்போது வெளிவரும் வாயுவில் ஐந்தில் மூன்று பங்கு அளவில் மெதேன். மிகுதியில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. சிறிதளவு ஐதரசன் சல்பைட்டும் இருக்கும். கூழ்முட்டை மணம் அதனால் வருவது. எரிவது மெதேன் மட்டுமே.

எங்கள் வெப்பநிலையில் ஒரு நாள் போடும் சாணம் முழுமையாக வாயுவைக் கொடுக்க 40 முதல் 50 நாள் வரை எடுக்கும். தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது இந்த நாட்கணக்குத்தான். தினமும் 25 கிலோ சாணமும் 25 லீற்றர் தண்ணீரும் விட்டால், 50 நாளைக்கு 2,500 லீற்றர் கரைசல் உள்ளே நிற்க வேண்டும். வாயு தங்கவும் இடம் வேண்டும். ஆகவே மூன்று, நான்கு கன மீற்றர் கொள்ளளவுள்ள தொட்டி போதும். நிலத்துக்குக் கீழே செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டும் குவிமாடத் தொட்டி நீண்டகாலம் உழைக்கும். ஆனால் கட்டும் மேசனுக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். குவிமாடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு போய்விடும்.

முதல் நிரப்பலுக்கு ஒரு தொன்னுக்குக் கிட்டச் சாணம் தேவை. சில வாரங்களில் வாயு வரத் தொடங்கும். முதலில் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு என்பதால் எரியாது. அதைப் பார்த்துவிட்டுத் தொட்டி பிழை என்று கைவிட்டவர்கள் உண்டு. அந்த வாயுவை வெளியே விட்டுவிட்டுச் சில நாள் பொறுத்தால் எரியும் வாயு வந்துவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு

இப்போது நான்கு மாட்டுக்கு வருவோம். நாள் முழுவதும் கட்டி வளர்த்தால் ஒரு ஊர்மாடு ஏறக்குறைய 10 கிலோ சாணம் போடும். ஆனால் வன்னியில் பெரும்பாலான மாடுகள் பகலில் மேய்ச்சலுக்குப் போய் இரவில்தான் பட்டிக்கு வருகின்றன. கையில் கிடைப்பது இரவுச் சாணம் மட்டும். அது பாதி அல்லது சற்றுக் கூட. ஆகவே நான்கு மாட்டில் இருந்து 20 முதல் 25 கிலோ. அதில் கிடைப்பது நாளொன்றுக்கு ஒரு கன மீற்றருக்குக் கிட்டிய வாயு.

இந்த ஒரு கன மீற்றரை இரண்டு வழியில் பயன்படுத்தலாம். அடுப்பில் எரித்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சமைக்கலாம். சிலிண்டர் கணக்கில் சொன்னால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எரிவாயு. முப்பது நாளைக்குக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு 12.5 கிலோ சிலிண்டர்.

மாறாக, அதே வாயுவைச் சிறிய மின்பிறப்பாக்கியில் விட்டால் ஓர் அலகு மின்சாரம், நன்றாக ஓடினால் அதற்குச் சற்று மேல் கிடைக்கும். சிறிய இயந்திரங்கள் வாயுவில் உள்ள சக்தியில் நாலில் ஒரு பங்கைக்கூட மின்சாரமாக மாற்றுவதில்லை. மிகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். ஓர் அலகு என்பது பத்து வாற் மின்குமிழ் பத்தை, பத்து மணித்தியாலம் எரிப்பது. மாதத்துக்கு 30 அலகு.

இனி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு சிலிண்டர். மறுபக்கம் 30 அலகு மின்சாரம். மின்கட்டணப் பட்டியலில் ஆகக் குறைந்த விலைப் பிரிவே முதல் 30 அலகுதான். அதற்கு வரும் பில்லையும் சிலிண்டரின் விலையையும் அருகருகே வைத்தால் எது பெறுமதி என்பது தெரிந்துவிடும். இயந்திரம் வாங்கும் செலவும், எண்ணெய் மாற்றும் செலவும், திருத்தும் செலவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

வீட்டுக்கு வெளிச்சமும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றமும்தான் தேவை என்றால், சிறிய சூரியத் தகடும் மின்கலமும் இதைவிடச் சுலபம். சூரியத் தகடு சோறு சமைக்காது. சாண வாயு அந்த வேலையைச் செய்யும். விறகுப் புகையில் கண் எரிய நிற்கும் பெண்ணுக்கும், தனியாளாகக் குடும்பத்தைச் சுமக்கும் தாய்க்கும், காலையில் விறகு தேடும் நேரம் மிஞ்சுவதே பெரிய விடயம்.

எப்போது மின்சாரம் பொருந்தும்

மாடுகளின் எண்ணிக்கை கூடும்போது கணக்கு மாறுகிறது. கொட்டிலில் கட்டி வளர்க்கும் 20 கலப்பின மாடுகள் உள்ள பால்பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாட்டுக்கு 15 கிலோ என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 300 கிலோ சாணம். அதில் 12 கன மீற்றர் வாயு. அதாவது குறைந்தது 12 அலகு மின்சாரம். இரண்டு குதிரைவலு நீர்ப்பம்பியை மூன்று மணித்தியாலம் ஓட்ட நாலரை அலகு போதும். புல்வெட்டும் இயந்திரம், பால் குளிரூட்டி, கொட்டிலுக்கு வெளிச்சம் எல்லாம் மிகுதியில் அடங்கும். மின்வெட்டு நாளில் பால் புளித்து நட்டப்பட்ட பண்ணையாளருக்கு இந்த 12 அலகின் அருமை தெரியும்.

பெற்றோல் மின்பிறப்பாக்கியைச் சிறு மாற்றத்தோடு முழுவதும் சாண வாயுவில் ஓட்டலாம். டீசல் இயந்திரமானால் வாயுவோடு சிறிதளவு டீசலும் சேர்த்தே ஓடும். டீசல் செலவில் நூற்றுக்கு 70 வரை மிச்சம் பிடிக்கலாம். இரண்டு வகையிலும் இயந்திரத்தின் வலு சற்றுக் குறையும். அதனால் தேவைக்குச் சற்றுப் பெரியதாக வாங்க வேண்டும்.

மூன்று விடயங்களைக் கவனிக்காவிட்டால் இயந்திரம் நிலைக்காது. முதலாவது ஐதரசன் சல்பைட்டு. அது இயந்திரத்தின் உட்பாகங்களை அரித்துவிடும். துருப்பிடித்த இரும்புச் சீவலோ இரும்புக் கம்பளியோ நிரப்பிய குழாய்க்குள் வாயுவைச் செலுத்தினால் பெரும்பகுதி அதில் பிடிபடும். இரும்பு கறுத்ததும் மாற்ற வேண்டும். இரண்டாவது ஈரம். வாயுவோடு வரும் நீராவி குழாயில் தண்ணீராகித் தேங்கும். குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு வழி வைக்க வேண்டும். மூன்றாவது சேமிப்பு. சாண வாயுவைச் சிலிண்டரில் அழுத்தி அடைப்பது வீட்டில் செய்யும் வேலையல்ல. அது ஆபத்து. ஆகவே வாயு சேர்ந்ததும் குறித்த நேரத்தில் இயந்திரத்தை ஓட்டி அன்றைக்குரியதை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும்.

ஒரு ஊர் சேர்ந்து செய்தால்

பெரிய பண்ணை இல்லை, ஆனால் ஊரில் நிறைய மாடுகள் உண்டு என்றால் என்ன செய்வது? இதற்கு நன்றாகப் பதிவுசெய்யப்பட்ட ஓர் உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உள்ள புரா என்ற சிறிய கிராமம் அது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அமுல்யா ரெட்டியும் அவரது குழுவினரும் 1980களில் அங்கே ஊருக்குப் பொதுவான சாண வாயுத் தொட்டிகளை அமைத்தார்கள். முதல் நோக்கம் எல்லா வீட்டு அடுப்புக்கும் வாயு கொடுப்பது. அது சரிவரவில்லை. ஊர்ச் சாணம் முழுவதையும் சேர்த்தாலும் எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு போதவில்லை. பாதிச் சமையலுக்கு வாயு, மிகுதிக்கு விறகு என்றால் யாரும் சாணம் கொண்டுவந்து கொடுக்க ஆர்வம் காட்டவில்லை.

1987 இல் திட்டம் மாற்றப்பட்டது. அதே வாயுவைக் கொண்டு ஏறக்குறைய 5 கிலோவாற் மின்பிறப்பாக்கி ஒன்றைச் சிறிதளவு டீசலோடு ஓட்டினார்கள். அந்த மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றில் இருந்து குடிநீரை இறைத்துக் குழாயில் கொடுத்தது. மாலையில் வீடுகளுக்கு வெளிச்சமும் கொடுத்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்கு நிறைக்கு ஏற்பச் சிறு கூலி கிடைத்தது. வாயு எடுத்த பின் மிஞ்சிய எருவும் அவர்களுக்கே திரும்பிப் போனது. தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் வீடுகள் மாதக் கட்டணம் செலுத்தின. ஊர் இளைஞர்களே நிலையத்தை நடத்தினார்கள்.

தனி வீட்டுக் கணக்கும் புராவின் கணக்கும் எதிரெதிராகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே விதியைச் சொல்கின்றன. கிடைக்கும் வாயு எந்தத் தேவையை முழுமையாகத் தீர்க்குமோ அதற்கு அதைக் கொடுக்க வேண்டும். நான்கு மாடுள்ள வீட்டில் அது அடுப்பு. புராவில் அது குடிநீர். சிறிய இயந்திரம் சில மணித்தியாலம் ஓடினால் ஊருக்கே தண்ணீர் கிடைத்துவிடுகிறது. தண்ணீருக்காகக் கிலோமீற்றர் கணக்கில் நடக்கும் மீள்குடியேறிய கிராமங்கள் யோசிக்கவேண்டிய விடயம் இது.

விறகும் உமியும்

மாடில்லாத இடத்தில் விறகு, உமி, தும்பு போன்றவற்றில் இருந்தும் மின்சாரம் எடுக்கலாம். விறகைத் திறந்த நெருப்பில் எரிக்காமல், மூடிய உலையில் குறைவான காற்றை விட்டுச் சூடாக்கினால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த எரியக்கூடிய வாயு வரும். அதைக் குளிரவைத்து வடிகட்டி இயந்திரத்துக்குள் விடுவதுதான் முறை. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் தட்டுப்பட்டபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வாகனங்கள் இப்படித்தான் ஓடின.

ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு தேவை. உமியானால் இரண்டு கிலோ. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு தொன் நெல் குற்றினால் 200 கிலோ உமி, அதில் 100 அலகு மின்சாரம். ஓர் அரிசி ஆலை தன் தேவையைத் தன் உமியிலேயே பார்த்துக்கொள்ள இது போதும். நெல் புழுக்குவதற்கு எவ்வளவு உமி போகிறது என்பதை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பீகாரில் 2007 இல் தம்குஹா என்ற கிராமத்தில் உமியில் இருந்து மின்சாரம் எடுத்து வீடுகளுக்கு விற்கத் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனம் உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் சூரியத் தகடுகளின் விலை விழுந்ததும், அந்த நிறுவனமே பகலுக்குச் சூரிய சக்தி என்று மாறிக்கொண்டது. உமியின் பலம் இரவிலும் மழைநாளிலும்தான்.

எங்கள் பக்கம் விறகுக்கு ஏற்ற மரம் வேலியிலேயே நிற்கிறது. சீமைக்கிளுவை என்று நாங்கள் கதியால் போடும் கிளிரிசீடியாவை, தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005 இல் அறிவித்தது. வெட்ட வெட்டத் தழைக்கும். இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி, வயலுக்குப் பசளை. கொப்பு விறகு.

ஆனால் இதற்கும் கணக்கு உண்டு. பத்துக் கிலோவாற் இயந்திரம் ஒன்று நாளொன்றுக்கு 40 அலகு கொடுக்க 60 கிலோ காய்ந்த விறகு கேட்கும். ஆண்டில் 300 நாள் ஓடினால் 18 தொன். அவ்வளவு விறகும் வேலியில் இருந்தும் சொந்தக் காணியில் இருந்தும் வராவிட்டால், காட்டில் இருந்து வரும். அப்போது அடுப்புக்கு விறகு பொறுக்கும் பெண்ணுக்குப் போட்டியாக ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் ஆகிவிடுவோம்.

கிணறும் உயிரும்

விறகு வாயுவில் தார் இருக்கும். அதைத் தண்ணீரால் கழுவி எடுக்கும் இயந்திரங்களில் கழிவுத் தண்ணீர் சேரும். அதை நிலத்தில் ஊற்றக் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலம் எதையும் தடுத்து வைப்பதில்லை. மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்தில் பட்ட அனுபவம் போதும். சாணத் தொட்டியின் எருக்கிடங்கும் கிணற்றில் இருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்றுப் பிரச்சினை ஏற்கெனவே உண்டு.

விறகு வாயுவில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணம் இல்லை. மூடிய அறைக்குள் ஆளைக் கொன்றுவிடும். எந்த இயந்திரத்தையும் வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. சாணத் தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக் கூடாது. வாயு கசிகிறதா என்று சவர்க்கார நுரையைப் பூசிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

சாண வாயுத் தொட்டிகள் பெரும்பாலும் தொழில்நுட்பம் பிழைத்துக் கைவிடப்படுவதில்லை. வரட்சியில் தண்ணீர் இல்லாமல் போகிறது. அவசரத்துக்கு மாடு விற்கப்படுகிறது. சாணம் அள்ளிய பிள்ளை வேலைக்கு வெளியூர் போய்விடுகிறது. உடைந்த வல்வை மாற்ற ஆளில்லை. திட்டம் கொண்டுவந்தவர்களின் தொலைபேசி வேலை செய்வதில்லை. மேய்ச்சல் தரை பறிபோனால் மாடும் போகும். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் முதல் நடத்திய போராட்டம் பாலுக்கான போராட்டம் மட்டும் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. எருவும் எரிவாயுவும் அந்தத் தரையில் இருந்துதான் வருகின்றன.

ஆகவே யாராவது திட்டத்தோடு வந்தால், அல்லது கடன் எடுத்துக் கட்ட யோசித்தால், கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள். தினமும் கையில் கிடைக்கும் சாணம் எத்தனை கிலோ? ஒரு வாரம் வாளியில் அள்ளி நிறுத்துப் பார்த்த கணக்கு வேண்டும், மனக்கணக்கு அல்ல. ஆவணி வரட்சியிலும் அதே அளவு தண்ணீர் உண்டா? கிடைக்கும் வாயுவால் எந்த ஒரு தேவை முழுமையாகத் தீரும்? பழுதானால் திருத்த ஊரிலேயே யாருக்குப் பழக்கப் போகிறார்கள்? பொதுவான நிலையம் என்றால், யார் ஓட்டுவது, யார் காசு சேர்ப்பது, காசு தராத வீட்டுக்கு என்ன நடக்கும்? மாதம் மிச்சமாகும் பணம் கடன் தவணையைவிடக் கூடுதலா? நுண்கடனால் நொந்துபோன வீடுகளுக்கு இந்தக் கடைசிக் கேள்வியின் பாரம் புரியும்.

மாடில்லாத வீட்டாரும் முழுவதும் விலகி நிற்கத் தேவையில்லை. சமையல் கழிவும் மரக்கறிக் கழிவும் அதே நிறைச் சாணத்தைவிடக் கூடுதலாக வாயு தரும். பொதுச் சந்தைக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டும் பிரதேச சபைகளிடம் மக்கள் கேட்கவேண்டிய கேள்வி அது. நெல் விளையும் இடங்களுக்கு, தொட்டியில் ஒரே தடவையாக வைக்கோலை நிரப்பி மாதக் கணக்கில் வாயு எடுக்கும் முறையைத் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இந்த நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது.

வாயு எடுத்து முடிந்த பின் வெளிவரும் கரைசலையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். நான்கு மாட்டு வீட்டில் அது நாளொன்றுக்கு 50 லீற்றருக்குக் கிட்ட வரும். சாணத்தில் இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி அதில் அப்படியே இருக்கிறது. 2021 இல் இரசாயன உரம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது, தோட்டத்துக்குப் போட ஏதுமில்லாமல் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. காலையில் தேத்தண்ணீருக்கு எரிந்த வாயுவின் மிச்சம், மாலையில் மிளகாய்க் கன்றின் அடிக்குப் போகும். அதை மண்ணோடு கலந்து மூடிவிட்டால் சத்து வெயிலில் வீணாகாது.